பூர்வகுடிகளுடன் ஒப்புரவு: கனடாவில் ஒரு தமிழ்ச் சபை செய்யக்கூடியவை, படிப்படியாக

வதிவிடப் பாடசாலைகளில் வதைபட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைக்கும் செப்டம்பர் 30 வந்தால் ஆரஞ்சுச் சட்டை. ஆராதனை தொடங்கும்போது "இந்த நிலம் இன்னாருடையது" என்று ஒரு பத்தி வாசிப்பு. கனடாவில் பல திருச்சபைகளில் பூர்வகுடி மக்களுடனான ஒப்புரவு இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. தமிழ்ச் சபைகள் பலவற்றில் அதுவும் கிடையாது. "நாங்களே அகதியாக வந்து இறங்கியவர்கள், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று யாராவது கேட்டதும் பேச்சு முடிந்துவிடும்.

இதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. ஒப்புரவு முதலில் ஒரு கணக்கு. பழைய பதிவேடுகள், பணம், நிலம், பிரசங்க மேடை என்று சில பொருட்கள் இன்னமும் திருச்சபையின் கையில்தான் இருக்கின்றன. இவற்றில் எதை, யாரிடம், யார் சொல்லும் வேகத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்பதுதான் வேலை. கண்ணீரும் ஜெபமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இந்த வேலையோடு சேர்ந்து வரட்டும், அதற்குப் பதிலாக வர வேண்டாம்.

கீழே சொல்லியிருப்பவற்றை ஓர் ஆண்டில் முடிக்க முடியாது. ஆனால் வரிசை முக்கியம். நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் உறவைத் தேடிப் போகிற சபை, போன இடத்தில் இன்னொரு காயத்தைத்தான் உண்டாக்கும்.

படி 1: நடந்ததைச் சபையாகப் படியுங்கள்

1880-களிலிருந்து 1990-கள் வரை, கனடா அரசு பணம் கொடுக்க, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளைத் திருச்சபைகள் நடத்தின. (கடைசி ஆண்டுகளில் அரசே நேரடியாக நடத்தியது.) முதற்குடிகள், மேற்றி, இனுயிற் ஆகிய மூன்று மக்களின் பிள்ளைகளிலும் 150,000-க்கும் மேற்பட்டோர் அவற்றில் அடைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்படிக்கை ஏற்றுக்கொண்ட பாடசாலைகள் மட்டும் 139. பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கரின் கையில் இருந்தன. மீதியில் பெரும்பகுதியை ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைகள் நடத்தின. 1920-ல் சட்டத்தைத் திருத்தி, 7 வயது முதல் 15 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள், தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். உடல் வதையும் பாலியல் வதையும் பரவலாக நடந்தன. காசநோயால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருப்பதை 1907-லேயே பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவ அதிகாரி எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் இந்தப் பாடசாலைகள் பல பத்தாண்டுகள் ஓடின. 4,100-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரணங்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதை உள்வாங்குவது ஒரு விதத்தில் கடினம், காரணமும் உண்டு. மிஷன் விடுதிப் பாடசாலை என்றதும் நமக்கு நினைவு வருவது 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, 1824-ல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர். மிஷனரிகள் நமக்குக் கல்வி கொடுத்தார்கள், அச்சகம் கொடுத்தார்கள் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே "பாடசாலை நடத்தியதற்கு ஏன் மன்னிப்பு?" என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். வட்டுக்கோட்டையில் தமிழ் இலக்கணம் பாடமாக இருந்தது. பெற்றோர் தாங்களாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கனடாவில் பிள்ளையின் மொழியை அழிப்பதே பாடசாலையின் நோக்கம், அதுவும் சட்டத்தின் பலத்தோடு. அந்த வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன் தன் மாணவர்களுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களை வைத்தது. சதாசிவம்பிள்ளை ஆர்னோல்டு ஆனார், விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். ஆர்னோல்டு என்ற பெயரோடு சதாசிவம்பிள்ளை என்ற பெயரும் நமக்குத் தங்கியது. இங்கே பல குடும்பங்களில் பழைய பெயர் முற்றாகவே போய்விட்டது.

படிப்பதற்கு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் 2015-ஆம் ஆண்டுச் சுருக்க அறிக்கையைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. மரே சின்கிளேர் தலைமையில் இயங்கிய அந்த ஆணைக்குழு, பாடசாலைகளிலிருந்து உயிர்தப்பியவர்கள் ஆயிரக்கணக்கானோரைக் கேட்டு, நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதியது. அரசும் திருச்சபைகளும் மற்றவர்களும் செய்ய வேண்டியவை என்று 94 செயலழைப்புகளையும் (Calls to Action) வெளியிட்டது. திருச்சபைகளை நேரடியாகத் தொடுபவை முக்கியமாக 46, 48, 49, 58 முதல் 61 வரை, காணாமற்போன பிள்ளைகள் பற்றிய 71 முதல் 76 வரை. மாதம் ஒரு கூட்டம், ஒரு கூட்டத்துக்கு ஒரு செயலழைப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் சிரமமான மூத்தோருக்காக யாராவது ஒருவர் முன்கூட்டியே படித்துவிட்டுத் தமிழில் சொல்லட்டும். வாலிபர்களிடம் இதைக் கொடுங்கள். இங்கே பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பெற்றோரைவிட இது கூடுதலாகத் தெரியும்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை பிரான்ட்ஃபோர்டுக்குப் போய்வாருங்கள். ரொறன்ரோவிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர். ஆங்கிலிக்கன் பொறுப்பில் நெடுங்காலம் நடந்து 1970-ல் மூடப்பட்ட மோஹாக் இன்ஸ்டிட்யூட் கட்டடம் அங்கே நிற்கிறது. உட்லண்ட் பண்பாட்டு மையம் அதைப் பராமரிக்கிறது. தினமும் கொடுத்த குழைந்த ஓட்ஸ் கஞ்சியை வைத்தே பிள்ளைகள் அந்த இடத்துக்கு "மஷ் ஹோல்" என்று பெயர் வைத்தார்கள். பின்பக்கச் சுவரின் செங்கற்களில் அவர்கள் கீறிய பெயர்களும் எழுத்துகளும் இன்னும் இருக்கின்றன. பெரியவர்கள் பார்க்காத பக்கத்தில், ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில். எத்தனை வேதபாட வகுப்பு நடத்தினாலும் அந்தச் சுவர் சொல்வதைச் சொல்ல முடியாது. போவதற்கு முன் மையத்திடம் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தமாகச் சுற்றிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வருகிற இடம் இல்லை அது.

"நாங்கள் செய்யவில்லையே" என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது. 2021 ஜூன் முதல் கனடாவில் குடியுரிமை உறுதிமொழி எடுக்கிற ஒவ்வொருவரும் முதற்குடிகள், இனுயிற், மேற்றி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் மதிப்பதாகச் சொல்லித்தான் எடுக்கிறார்கள். செயலழைப்பு 94 கேட்டதால் வந்த மாற்றம் அது. ஒரு திருச்சபையில் சேரும்போது அதன் கட்டடமும் வைப்புப் பணமும் மட்டும் நமக்கு வருவதில்லை, கடனும் வருகிறது. பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் பாடசாலை எதையும் நடத்தவில்லைதான். ஆனால் 49-ஆம் செயலழைப்பு எல்லாச் சமயக் குழுக்களையும் பார்த்துப் பேசுகிறது.

படி 2: உங்கள் திருச்சபையின் ஏட்டைத் திறந்து பாருங்கள்

பொதுவான வரலாற்றைப் படித்தபின் சொந்த வரலாறு. உங்கள் திருச்சபை எந்தப் பாடசாலைகளை நடத்தியது, எப்போது மன்னிப்புக் கேட்டது, அதற்குப் பின் என்ன செய்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பல பாடசாலைகளை நடத்திய கத்தோலிக்க ஓப்லேட் துறவிகள் 1991-ல் மன்னிப்புக் கேட்டார்கள். ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் பியர்ஸ் 1993 ஓகஸ்டில் ஒன்ராறியோவின் மினாக்கியில் கேட்டார். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1994-ல் அறிக்கையிட்டது. ஐக்கிய திருச்சபை 1986-ல் ஒருமுறை, வதிவிடப் பாடசாலைகளுக்காக 1998-ல் மறுமுறை. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று அல்பேர்ட்டாவின் மாஸ்குவாசிஸ்ஸில் மன்னிப்புக் கேட்டார். உங்கள் சபையில் எத்தனை பேர் தங்கள் திருச்சபையின் மன்னிப்பு வாசகத்தை முழுதாக வாசித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதை ஒரு ஞாயிறு ஆராதனையில் தமிழில் வாசிப்பது ஒரு நல்ல தொடக்கம்.

பல தமிழ்ச் சபைகள் பழைய ஆங்கிலச் சபையொன்றின் ஆலயத்தில் பகிர்ந்தோ வாடகைக்கோ கூடுகின்றன. அந்த ஆலயத்தின் நிலவறையில், அலுவலக அலுமாரியில் பழைய ஆண்டறிக்கைகள் இருக்கக்கூடும். பெண்கள் சங்கங்கள் அந்தக் காலத்தில் மிஷன் பாடசாலைகளுக்குத் துணிமணிகளும் பணமும் சேர்த்து அனுப்பியதை இத்தகைய அறிக்கைகளில் காணலாம். அன்புடன்தான் அனுப்பினார்கள். அந்த அன்பு எதற்குத் துணைபோனது என்பதைப் பார்க்க மனம் கனக்கும். பார்க்கத்தான் வேண்டும்.

படி 3: நிலத்தை அறிந்து, பிறகு நில அங்கீகாரம் எழுதுங்கள்

ஆராதனைத் தொடக்கத்தில் வாசிக்கும் நில அங்கீகாரத்துக்கு இணையத்தில் எடுத்த பத்தியை வாசிக்காதீர்கள். உங்கள் ஆலயம் நிற்கும் நிலம் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, அந்த ஒப்பந்தத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

ரொறன்ரோவை எடுத்துக்கொள்வோம். 1787-ல் மிசிசாகா மக்களிடமிருந்து ஆங்கிலேயர் நிலத்தை வாங்கியதாகச் சொன்னார்கள். பத்திரத்தில் எல்லைகள் எழுதப்படவே இல்லை, இடம் வெறுமையாகக் கிடந்தது. 1805-ல் 10 ஷில்லிங் கொடுத்து, 250,000 ஏக்கருக்கும் சற்று அதிகமான நிலத்தை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். இதற்கான நில உரிமைக் கோரிக்கை 2010-ல்தான் முடிவுக்கு வந்தது. கிரெடிட் மிசிசாகா முதற்குடிக்கு அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்தது. ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் என்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் கிழக்குப் பக்கம் 1923-ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களோடு தொடர்புடையது. அந்த ஒப்பந்தங்களை வைத்து ஏழு முதற்குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகளையே அரசு மறுத்துவந்தது. 2018-ல் 1.1 பில்லியன் டொலர் இழப்பீட்டுடன் அரசு மன்னிப்பும் கேட்டது. நூறு ஆண்டுக்குச் சற்று முன் தொடங்கிய கதைதான் இது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கலாம்.

எழுதும்போது ஒப்பந்தத்தின் பெயர், மக்களின் பெயர், இந்த ஆண்டு சபை செய்யப்போகும் ஒரு காரியம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். மூன்றாவது இல்லையென்றால் இன்னும் எழுத வேண்டாம். அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வெண்டாட் போன்ற பெயர்களை வாசிப்பவர் முன்கூட்டிச் சொல்லிப் பழக வேண்டும். நம் பெயர்களை இங்கே சிதைத்துச் சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.

படி 4: மனிதர்களைச் சந்திக்கப் போங்கள், அழைப்பதற்கு முன்

பல சபைகள் செய்யும் முதல் காரியம், செப்டம்பர் 30-க்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முதற்குடி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவது: "எங்கள் ஆராதனையில் ஒருவர் வந்து பேச முடியுமா?" அந்த வாரத்தில் அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் இப்படி வரும். நீங்கள் போங்கள். ஜூன் 21 தேசியப் பூர்வகுடிகள் தினம். பலருக்கும் திறந்த நிகழ்ச்சிகள் நாடெங்கும் நடக்கும். கோடையில் பொதுமக்களை வரவேற்கும் பவ்வாவ் விழாக்கள் (பூர்வகுடிகளின் ஆடல் பாடல் ஒன்றுகூடல்கள்) உண்டு. ரொறன்ரோ ஸ்பதைனா வீதியில் பூர்வகுடிகள் மையம் இருக்கிறது. விருந்தாளியாகப் போய், உட்கார்ந்து, அவர்கள் விற்பதை வாங்கி, அடுத்த ஆண்டும் அதே ஆட்கள் போனால் அறிமுகம் தானாக வரும்.

துண்டுப்பிரசுரம் கொண்டுபோகக் கூடாது. "ஆத்தும ஆதாய வாய்ப்பு" என்று ஒருவர்கூட நினைக்கக் கூடாது. இதைப் போதகர் வெளிப்படையாகச் சபையில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் நல்ல மனதோடு அதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பூர்வகுடிகளில் கிறிஸ்தவர்கள் ஏராளம். வடக்கில் கிரீ மக்களும் இனுயிற் மக்களும் பல தலைமுறைகளாக ஆங்கிலிக்கன் ஆராதனையைத் தங்கள் மொழியில் நடத்துகிறார்கள். இனிப்புப்புல் புகையிடும் சடங்கையும் சங்கீதத்தையும் ஒரே காலையில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, திருச்சபை வாசலை மிதிக்கவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. யாரையும் எந்தப் பக்கமும் தள்ள வேண்டியதில்லை.

உறவு வளர்ந்து பூர்வகுடிச் சமூகத்தின் மூத்தோர் ஒருவரை அழைக்கும் நாள் வந்தால், நடைமுறை முக்கியம். ஒன்ராறியோவின் பல சமூகங்களில் மூத்தோரிடம் ஒன்றைக் கேட்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது மரபு. தாம்பூலம் வைத்து அழைக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் எல்லா மக்களுக்கும் ஒரே மரபு கிடையாது, ஆகவே அவருடைய உதவியாளரிடம் முதலில் விசாரியுங்கள். சன்மானத்தை அன்றே, உறையில், கையில் கொடுங்கள். பயணச் செலவு தனி. படிவங்களை நிரப்பச் சொல்லி மாதக்கணக்கில் காக்கவைக்காதீர்கள். புகைச் சடங்கு நடக்குமென்றால் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்பே பேசித் தீயெச்சரிக்கைக் கருவியைக் கவனியுங்கள். நடுவில் மணி அலறினால் அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், "வேண்டாம்" என்றால் ஒருவரும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "பாடசாலையில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று யாரும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டிருங்கள். பேச்சு அந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால், தனியே உட்கார ஓர் அறையும் துணைக்கு ஓர் ஆளும் வையுங்கள். வதிவிடப் பாடசாலைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான 24 மணி நேரத் தொலைபேசி உதவி எண் 1-866-925-4419. அதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். யுத்தத்தைக் கண்டுவந்த நம்மவர்களுக்கும் இந்தக் கதைகள் எதையாவது கிளறிவிடும். அவர்களையும் கவனியுங்கள்.

நேரில் செய்யக்கூடிய இன்னொன்று, 1997-ல் உருவான போர்வைப் பயிற்சி. தரையில் விரித்த போர்வைகள்தான் நிலம். பங்கேற்பவர்கள் அவற்றின்மேல் நிற்பார்கள். வரலாறு வாசிக்கப்பட வாசிக்கப்படப் போர்வைகள் மடிக்கப்படும், ஆட்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். கடைசியில் சிலர் மட்டும் சிறு துண்டுகளில் நிற்பார்கள். பயிற்சி பெற்ற பூர்வகுடி வழிநடத்துநர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

படி 5: பதிவேடுகள்

இதைத்தான் திருச்சபைகள் மிகவும் தாமதித்தன என்பது என் கருத்து. ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, மிஷன் நாட்குறிப்பு, கடிதங்கள், படங்கள். ஒரு பிள்ளை எங்கே இறந்தது, எங்கே புதைக்கப்பட்டது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று ஒரு பழைய ஏட்டின் ஒரு வரியாக இருக்கலாம். 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் பாடசாலை வளாகத்தில் நிலத்தடி ராடார் காட்டிய, புதைகுழிகளாக இருக்கக்கூடிய அடையாளங்கள் பற்றிய அறிவிப்பு நாட்டையே உலுக்கியது. அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகவே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது: எங்கள் பிள்ளை எங்கே?

கிளிநொச்சியில் 2017 முதல் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் கேட்பதும் அதைத்தான். ஆணைக்குழுக்கள் வரும், அறிக்கைகள் வரும், பெயர்ப்பட்டியல் மட்டும் வராது என்பதை நாம் அனுபவித்திருக்கிறோம். அப்படியிருக்க, நம் ஆலய அலுமாரியில் யாரோ ஒரு தாய்க்கான பதில் தூசி படிந்து கிடக்க விடலாமா?

செய்ய வேண்டியது எளிது. எந்தப் பழைய காகிதத்தையும் எறியாதீர்கள். என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். உங்கள் திருச்சபையின் ஆவணக்காப்பகத்துக்கும் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் இயங்கும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையத்துக்கும் அறிவியுங்கள். படமெடுத்து முகநூலில் போடவே கூடாது. ஒரு பெயரை முதலில் அறிய வேண்டியவர்கள் அந்தக் குடும்பம். ஆலயத்தோடு பழைய மயானம் இருந்தால் அதன் வரைபடமும் இந்தக் கணக்கில் வரும்.

படி 6: பணம்

வதிவிடப் பாடசாலைகளுக்கான 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டு உடன்படிக்கையில் கத்தோலிக்க அமைப்புகள் குணமாக்கும் பணிகளுக்காக 25 மில்லியன் டொலர் திரட்ட முயல்வதாக ஒப்புக்கொண்டன. நான்கு மில்லியன்கூடச் சேரவில்லை. 2015-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அதே காலத்தில் பெரிய ஆலயங்கள் புதுப்பிக்கப்பட்டன என்பதை உயிர்தப்பியவர்கள் மறக்கவில்லை. 2021-ல் ஆயர்கள் 30 மில்லியன் டொலர் தருவதாகப் புதிதாக வாக்களித்தார்கள். முதல் வாக்கு உடைந்த பிறகு இரண்டாவது வாக்குக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சிறப்புக் காணிக்கை எடுக்காதீர்கள், வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரமான ஒரு வரி போடுங்கள். 61-ஆம் செயலழைப்பு கேட்பது அதுதான்: நிலையான நிதி, பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் குணமாக்கும் பணிகளுக்கும் மொழி, பண்பாட்டு மீட்புக்கும். சிறு சபையென்றால் ஆண்டு வருமானத்தில் ஒரு சதவீதம் என்று தொடங்கலாம். எங்கே போக வேண்டும் என்பதை நாம் கண்டுபிடித்த திட்டம் தீர்மானிக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியிலேயே பேசிக் கற்பிக்கும் மொழிக்கூடு நடத்துகிறவர்களுக்கு ஆசிரியர் சம்பளம் தேவைப்படும்போது நாம் குளிர்கால உடுப்பு மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தால், பழைய பெண்கள் சங்கத்தின் வேலையையே திரும்பச் செய்கிறோம். சகேயு தன் வீட்டில் இயேசுவைக் கண்டதும் ஏழைகளுக்குக் கொடுப்பதோடு நிற்கவில்லை, யாரிடம் அநியாயமாக வாங்கினானோ அவர்களுக்கே நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். தர்மம் வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆலயக் கட்டடத்தையோ காணியையோ விற்கிற நாள் வந்தால் அதில் ஒரு பங்கு அந்த நிலத்தின் மக்களுக்கு என்று இப்போதே தீர்மானம் எழுதிவையுங்கள். பணம் கைக்கு வந்தபின் எழுதுவது கடினம்.

படி 7: பிரசங்க மேடையும் ஓய்வுநாள் பாடசாலையும்

1452, 1455, 1493 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திருத்தந்தையரின் ஆணைகள், கிறிஸ்தவர் அல்லாதவர்களின் நிலத்தைக் கைப்பற்ற ஐரோப்பிய அரசர்களுக்கு உரிமை கொடுத்தன. "கண்டுபிடிப்புக் கோட்பாடு" என்று பெயர் பெற்ற இந்த எண்ணம் நீதிமன்றத் தீர்ப்புகள்வரை வேரோடியது. ஆங்கிலிக்கன் திருச்சபை 2010-லும் வத்திக்கான் 2023 மார்ச்சிலும் அதை மறுத்தன. உங்கள் சபையும் ஒரு தீர்மானமாக மறுக்கலாம். ஆனால் யோசுவா புத்தகத்தில் கானான் நாட்டைப் பிடிக்கும் பகுதியைப் பழையபடியே வெற்றிக் கதையாகப் பிரசங்கித்தால் அந்தத் தீர்மானத்தால் பயனில்லை. கானானியரின் இடத்தில் நின்று ஒருமுறை அதை வாசித்துப் பிரசங்கிக்கச் சொல்லிப் போதகரைக் கேளுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் நிறைந்த சபை அதை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

பூர்வகுடி ஆன்மீகத்தை "பேய் வழிபாடு" என்று மேடையிலிருந்து சொல்வது இதோடு நிற்க வேண்டும். சூடேற்றிய கூடாரத்தில் நடக்கும் பூர்வகுடிகளின் வேர்வைக் கூடார வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 60-ஆம் செயலழைப்பு கேட்பது மதிப்பு.

பிள்ளைகளுக்கு ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டின் கதை போதும். 1973-ல் ஆறு வயதுச் சிறுமி. பாடசாலைக்குப் போக அம்மம்மா வாங்கிக் கொடுத்த புது ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே பறித்துவிட்டார்கள், திரும்பக் கொடுக்கவே இல்லை. செப்டம்பர் 30-ல் நாம் அணிவது அந்தச் சட்டையைத்தான். சிறு பிள்ளைகளுக்கு இதற்கு மேல் வன்முறை விவரம் தேவையில்லை.

படி 8: அவர்கள் கேட்பதற்குத் துணை நில்லுங்கள்

வினிபெக் நகரம் 1919 முதல் ஷோல் லேக் ஏரியிலிருந்து நல்ல தண்ணீர் குடிக்கிறது. அந்த நீர்வழிக்காக வெட்டிய கால்வாயால், ஏரிக்கரையில் வாழ்ந்த ஷோல் லேக் 40 முதற்குடி ஒரு தீவுபோலத் துண்டிக்கப்பட்டது. 1997 முதல் 24 ஆண்டுகள் அவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தும் போத்தலில் வாங்கியும் குடித்தார்கள். சாலை இல்லாததால் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கும் செலவு எகிறியது. அவர்கள் கேட்டது ஒரு சாலை. வினிபெக்கின் திருச்சபைகள் பலவும் அந்தக் கோரிக்கையையே தூக்கிப் பிடித்தன. ஏரித் தண்ணீரில்தான் நாங்களும் ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள். தாங்களாக வேறு திட்டம் எதையும் புகுத்தாமல், கடிதம் எழுதினார்கள், ஊர்வலத்தில் நடந்தார்கள். 2019-ல் "சுதந்திரச் சாலை" திறந்தது, 2021-ல் தண்ணீர் வந்தது. உழைப்பும் வெற்றியும் ஷோல் லேக் மக்களுடையவை. திருச்சபைகள் பின்னால் நின்றன, அந்த இடம் சரியான இடம்.

உங்கள் வட்டாரத்தில் அப்படி என்ன கோரிக்கை இருக்கிறது என்று கேட்டறிந்து, அதைப் பற்றி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சபையாக எழுதுங்கள். தமிழர் வாக்குக்காக ஆலயத்துக்கு வருகிற அரசியல்வாதிகளிடம் நேரிலேயே கேளுங்கள்.

படி 9: மன்னிப்பு கிடைக்காவிட்டால்

வீ வாய் காய் என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட்டா பில்லி 1981-ல் ஐக்கிய திருச்சபையின் கூட்டத்தில் எழுந்து, எங்களிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். ஐந்து ஆண்டுக்குப் பின், 1986 ஓகஸ்டில், சட்பரியில் திருச்சபை கேட்டது. வெளியே காத்திருந்த மூத்தோர் அதைப் பெற்றுக்கொண்டார்கள், ஏற்கவில்லை. 1988-ல் பூர்வகுடிகளின் பதிலை ஈடித் மெம்நூக் கொண்டுவந்தார்: மன்னிப்பைக் கேட்டறிந்தோம், அதன்படி வாழ்ந்து காட்டுங்கள். சட்பரியில் மன்னிப்பு கேட்ட இடத்தில் எழுப்பிய கற்குவியலை முடிக்காமல் விட்டுவைத்தார்கள், செயல்கள் சேரும்போது கற்களைச் சேர்க்கலாம் என்று.

உங்கள் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். மூன்று ஆண்டு பழகிய பிறகும் ஒருவர் உங்கள் ஆலயத்துக்குள் வர மறுக்கலாம். அதற்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள், புண்பட்டுப்போய்ப் பேசாதீர்கள்.

இதெல்லாம் ஓர் ஆர்வமுள்ள ஆளின் கையில் மட்டும் இருந்தால், அவர் ஊர் மாறிய அன்றே நின்றுவிடும். மூன்று நான்கு பேர் கொண்ட குழுவைச் சபைச் செயற்குழுவின் கீழ் அமைத்து, அதில் ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழ் இருக்கும்படி பாருங்கள். அந்தக் குழு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுத்தில் அறிக்கை கொடுக்கட்டும்: என்ன படித்தோம், எங்கே போனோம், எந்தப் பதிவேட்டை ஒப்படைத்தோம், எவ்வளவு பணம் யாருக்குப் போனது, எதைச் செய்வதாகச் சொல்லிச் செய்யவில்லை. அந்த அறிக்கையை நிகழ்ச்சி நிரலில் நிதியறிக்கைக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.